402இன் ஒரு ஆள் பாஸ்தா

என் பெயர் பியோ ஹே-வோன், வயது முப்பத்தொன்று. தேஜான் நகரில் லிப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் 402ஆம் எண் ஒற்றை அறையில் தனியாகக் குடியிருக்கிறேன். பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. போலீஸ் அதிகாரி கேட்க நான் சொன்னது:

இன்று மாலை வேலை முடிந்து வந்து, உடை மாற்றி, பாஸ்தா வேக வைத்தேன். ஒரு ஆளுக்குத்தானே என்று எப்போதும் மைக்ரோவேவில்தான் வைப்பேன். நீளப் பாஸ்தாவை ஒடித்துக் கிண்ணத்தில் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, பத்து நிமிடம் வைத்தேன். அதன் பிறகு பூண்டு நறுக்கிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. வாசல் கேமராத் திரை ஒரே கறுப்பாக இருந்தது. படிக்கட்டு விளக்கு போய்விட்டது என்று நினைத்தேன். விரலால் மூடியிருக்கிறார் என்று அப்போது தோன்றவில்லை. வெளியே ஓர் ஆண் குரல், "கேஸ் செக்கிங்மா. உங்க அடுப்புலேருந்து வாடை வருதாம், கதவத் திறங்க" என்றது. கேஸ் பரிசோதனைக்கு ஆள் வருவது வழக்கம் என்பதால் கைப்பிடியில் கை வைத்துவிட்டேன். வைத்தபடியே, "நான் அடுப்பே பத்த வைக்கலையே, மைக்ரோவேவ்லதான வேகுது" என்றேன்.

"தெரியும்மா, பாஸ்தாதான?" என்றார்.

பாஸ்தா என்று நான் சொல்லவே இல்லை. கதவுச் சங்கிலியை மாட்டினேன். தனியாக இருக்கிற பெண்கள் இங்கே செய்வதையெல்லாம் நானும் செய்துதான் இருக்கிறேன். வாசலில் பெரிய ஆண் பூட்ஸ் போட்டு வைத்திருக்கிறேன், சாப்பாடு வரவழைத்தால் சாப்பிடும் குச்சி இரண்டு ஜோடி கேட்பேன். ஆகவே உள்பக்கம் திரும்பி, இல்லாத கணவனை, மனைவிமார் இங்கே கூப்பிடுவது போல, "ஓப்பா, யாரோ வந்திருக்காங்க, எழுந்து வா!" என்று கூப்பிட்டேன்.

வெளியே சிரித்தார். "எந்த ஓப்பா? குப்பையில ஒரு ஆள் பாஸ்தா பாக்கெட், ஒரு ஆள் சாஸ். ஓப்பா என்ன, பட்டினியா?"

எங்கள் கட்டடத்தில் பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து, உள்ளே இருப்பது தெரிகிற பையில் கட்டிக் கீழே வைக்க வேண்டும். நான் ஒரு துளிகூட ஒட்டியிராமல் கழுவி, மடித்து அடுக்கி வைப்பேன். வீட்டுக்காரம்மா என் பையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "402ஐப் பாத்துக் கத்துக்குங்க" என்று திட்டுவார். எனக்கு அதில் பெருமை வேறு.

அதன் பிறகு அவர் கதவிலுள்ள எண் பூட்டின் எண்களை அழுத்தத் தொடங்கினார். ஒவ்வோர் எண்ணுக்கும் பூட்டு ஒலி எழுப்பியது. தப்பானதும் முதலிலிருந்து அழுத்தினார். நான் கதவில் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து போலீஸ் அவசர எண் 112க்கு அழைத்தேன். நாக்கு எழவில்லை. எடுத்த அம்மா, "பேச முடியலைன்னா ஏதாவது நம்பரை அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து மைக்ரோவேவ் முடிந்து மணி அடித்தது. கதவுக்கு அந்தப் பக்கம், என் காதுக்கு நேராக, "எடுத்துச் சாப்பிடுங்க, கொழகொழன்னு ஆயிடும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பின்னர் போலீசார் வந்து படிக்கட்டு கேமராவைப் பார்த்து, எனக்கு நேர் கீழே 302இல் இருப்பவரை அழைத்து வந்தார்கள். வீட்டுச் செருப்போடு வந்தார். "ஒரே கட்டடம்தான சார், சும்மா விளையாட்டுக்கு" என்றார். உள்ளே நுழையாததால் விசாரித்துவிட்டு இன்றிரவே அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. என் அறைக்கு அவர் கதவைத் தாண்டித்தான் ஏற வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. இதையும் எழுதச் சொன்னேன்.

இதுவரை எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது உண்மை. பார்சல் பெட்டிகளில் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டே வெளியே போடுவேன் என்பதால் என் பெயர் அவருக்கு இன்னும் தெரியாது. இதை அவர் முன்னால் வாசிக்க நேர்ந்தால் முதல் வரியை விட்டுவிட்டு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்திலும் பெயர் தெரியும் என்பதால், அதற்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.