தொழில் தெரியாத வில்லன்

சின்னாளபட்டி போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்தவர் தன் மகளிடம் எரிச்சலாகச் சொன்னார்: "அந்த வில்லனுக்குத் தொழிலே தெரியல பாப்பா."

அவர் நகங்களில் ஊதாச் சாயம் ஏறியிருந்தது.

"கார்ட்டூன்ப்பா அது. சாயப்பட்டறைத் தண்ணிய குளத்துல விட்டான். பச்சைச் சட்டைக்காரன் பறந்து வந்து பிடிச்சிட்டான்."

"பிடிக்காம என்ன செய்வான்? நல்ல வெயில்ல அம்புட்டு ஊதாத் தண்ணிய எவனாச்சும் தொறந்து விடுவானா? மழை பேஞ்சு ஓடையில தண்ணி ஓடுறப்ப விட்டா கூடவே கலந்து போயிரும். ஒரு பயலுக்கும் தெரியாது."



"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பச்சைச் சட்டைக்காரன் மழையிலயும் வருவான்ப்பா. அடுத்த வாரம் அதான் கதையாம். ரெயின்கோட் வாங்கிட்டான்."

காந்திகிராமம் நெருங்கும்போது தூறல் விழுந்தது. அவருடைய போன் அடித்தது. எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது.

"அண்ணே, மழை வருது. பட்டறைத் தண்ணிய தொறந்து விட்டுரவா?"

அவர் மகளைப் பார்த்தார். பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"இன்னைக்கு வேணாம்டா. அவன் ரெயின்கோட் வாங்கிட்டானாம்."