மூன்றாம் நாள்

கொஸ்லந்தயிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருவர் ஞாயிறு பள்ளி டீச்சர், மடியில் வேதாகமம். மற்றவர் நெற்றியில் திருநீறு.

“உங்க மக பாக்குற அந்தப் பேய்ப்படத்துல இயேசு இருக்காரு, ராணி.”

“பேய்ப்படத்துலயா, டீச்சர்?”

“ஆமா. மத்த புள்ளைங்களக் காப்பாத்த அந்தப் பொண்ணு பேய்க்குழிக்குள்ள இறங்குறா. மூணாம் நாள் உயிரோட ஏறி வாரா. உயிர்த்தெழுதல்தானே அது?”

ராணி சன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த இடத்தத்தான் அவ திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறா. தோட்டத்து லயத்து வீடுங்க மேல மண்ணு சரிஞ்சப்ப, பக்கத்து வீட்டுப் புள்ளைங்கள வெளிய எடுக்க உள்ள போனவருதான் அவ அப்பா. ரெண்டு வருஷமாச்சு. நேத்து கேக்குறா டீச்சர், ‘அப்பாவுக்கு இன்னும் மூணு நாள் ஆகலையாம்மா?’ன்னு.”