ழ வரிசை

வாங்கிவிட்டு வருத்தப்படும் மென்பொருள் வாத்தியம் எது என்று ரிபாயி பாய் போன வாரம், பாட்டு அமைக்கிற நம் குழுவில் கேட்டிருந்தார். கடையநல்லூரில் உட்கார்ந்துகொண்டு கணினிக்குள் மூன்று பியானோ வாங்கி வைத்திருப்பதாகவும், மூன்றும் ஒரே மாதிரிதான் இருப்பதாகவும் அவரே எழுதியிருந்தார். பலர் பதில் போட்டீர்கள். தள்ளுபடி முடிய இன்னும் இரண்டு மணி நேரம் என்று திரையில் ஒரு கடிகாரம் ஓடினால் நம்மில் யாருக்கும் கை சும்மா இருப்பதில்லை. நான் மட்டும் பதில் போடவில்லை. எழுத ஆரம்பித்தால் நீளும் என்று தெரியும். இன்றைக்கு மதியம் கொஞ்சம் நேரம் கிடைத்திருக்கிறது.

என்னிடமும் வருந்தத்தக்க சாமான்கள் நிறைய உண்டு. மடிக்கணினிக்குள் பாதிதான் இறங்கிய ஒரு டிரம்ஸ். 'இந்திய வாத்தியங்கள்' என்று பேர் போட்ட ஒரு தொகுப்பு. அதில் நாதஸ்வரம் என்று இருந்ததை ஆடித்தபசுப் பாட்டு ஒன்றுக்குப் போட்டுக் காட்டியபோது, விழாக் குழுக்காரர் சைக்கிள் ஹாரனா என்று கேட்டார். ஆனால் நான் உண்மையில் வருந்துவது ஒன்றுக்குத்தான். அது வெளிநாட்டுக் கோரஸ். நாற்பது பேர் ஒரு பெரிய தேவாலயத்தில் நின்று பாடியதை எழுத்து எழுத்தாகப் பதிந்து வைத்தது. நாம் எந்தச் சொல்லைத் தட்டினாலும் அவர்கள் பாடுவார்கள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது.

அதை வாங்கித் தந்தது என் தங்கை ஜெபிஷா. நாங்கள் இருவர்தான் வீட்டில். அவள் நர்சரி பள்ளியில் டீச்சர். சபையில் பாடகர் குழுவில் முன்வரிசை. சீட்டு எடுத்த பணத்தை என்னிடம் கொடுத்து, "நீ வாங்குண்ணே, கிறிஸ்மஸ் பாட்டுக்கு ஆகும்" என்றாள். வாங்கி, நிறுவி, நம் கீதம் ஒன்றைத் தட்டிப் போட்டேன். நாற்பது பேரும் பாடினார்கள். ஜெபிஷா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்ணே, பல்லு புடுங்க வாயத் தொறந்து வச்ச ஆளுகளைப் பாடச் சொன்ன மாதிரில்லா இருக்கு."

வாழ்வு என்பது வால்வு என்று வந்தது. ஆழம், ஆலம் ஆனது. எத்தனை தட்டியும் அந்த நாற்பது பேருக்கும் ழ வரவில்லை. நம் ஊரிலேயே பாதிப் பேருக்கு வராது, பளம் என்பார்கள். ஜெபிஷாவுக்கு வரும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தே அந்த எழுத்து அவள் நாக்கில் அழகாக மடிந்து பழகியிருந்தது.

அப்படித்தான் அவள் குரலிலேயே எழுத்து எழுத்தாகப் பதிந்து ஒரு தொகுப்பு செய்வது என்று தீர்மானித்தேன். அவள் பணம் வீணாகப் போனதற்கு ஈடு செய்ய வேண்டும் என்றும் எனக்கு இருந்தது.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டைச் சுற்றி விசைத்தறிகள். பக்கத்துச் சுவர் துரைப்பாண்டி அண்ணாச்சியின் தறிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை தறி நின்றால் கல்யாண மண்டப மைக் தொடங்கிவிடும். ஆகவே பதிவு செய்ய எங்களுக்குக் கிடைத்தது மாதத்தில் ஒரே நாள். மின்வாரியம் பராமரிப்புக்காக ஒன்பது மணி முதல் இரண்டு மணி வரை மின்சாரத்தை நிறுத்தும் நாள். அன்றைக்கு ஊரே வாயை மூடிக்கொள்ளும். மடிக்கணினியின் பேட்டரியில் ஐந்து மணி நேரம் ஓட்டலாம். ஜெபிஷா பள்ளிக்கு விடுப்பு போடுவாள்.

முதல் முறை அண்ணாச்சி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "கரண்டு போனா ஊரெல்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடும். ஒங்க வீட்ல மட்டும் கச்சேரியா வே? என்னத்தப் பண்ணுதிய?"

"ஆளப் பாடச் சொல்லி, சத்தத்த மட்டும் எடுத்துக்கிட்டு, ஆள அனுப்பிருவாங்க அண்ணாச்சி" என்றாள் ஜெபிஷா. "பொறவு ஆளே வேண்டாம். கீபோர்டு கட்டைய அமுக்குனா போதும்."

"நல்ல தொழிலுதான்" என்றார் அவர்.

எழுத்துகளை எந்த வரிசையில் பதிவது என்று ஒரு பேச்சு வந்தது. ழ-வை முதலில் எடுத்துவிடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. "பள்ளிக்கூடத்து அட்டையில இருக்க மாதிரிதாண்ணே போகணும். வரிசை தப்புனா எனக்கே எதச் சொன்னேன், எத விட்டேன்னு மறந்துரும்." டீச்சர் அல்லவா. சரி என்றேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். வரிசை அவள் தேர்ந்தெடுத்தது.

பிப்ரவரியில் உயிரெழுத்துகளும் க வரிசையும். ஒவ்வோர் எழுத்தும் ஐந்து சுருதியில், மெதுவாக, நடுத்தரமாக, உரக்க. மார்ச்சில் ங, ச. ஏப்ரலில் ஞ, ட. அந்த ஏப்ரலில்தான் அவள் குரல் லேசாகக் கம்மத் தொடங்கியது. மேலே போகும்போது குரலோடு கொஞ்சம் காற்றும் சேர்ந்து வந்தது. தொகுப்பை முடித்து உங்களுக்குக் கொடுத்த பிறகு நிறையப் பேர் அதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கரகரப்பு எப்படி வந்தது, எந்த மைக், எந்தக் கருவி என்று. எந்தக் கருவியும் இல்லை.

மே மாதம் ண, த. அப்போதும் குரல் சரியாகவில்லை. ஜூனில், ந வரிசையும் ப வரிசையும் முடிந்த மறுநாள், திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நான்தான் கூட்டிப் போனேன். தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்துக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். வகுப்பில் போன் எடுக்க முடியாது என்று ஜெபிஷா என் எண்ணைக் கொடுத்தாள். பத்து நாள் கழித்து முடிவை வாங்க நான் மட்டும் போனேன்.

டாக்டர் பொறுமையான மனிதர். புற்று என்றார். ஆரம்ப நிலை என்றார். கதிர்வீச்சு கொடுத்தால் போதும், குரலும் பெரும்பாலும் தப்பிவிடும், ஆனால் ஒரு வாரத்துக்குள் தொடங்க வேண்டும் என்றார். கதிர்வீச்சுக்குப் பிறகு குரல் முன்பு இருந்த மாதிரியே இருக்குமா என்று கேட்டேன். கொஞ்சம் வறண்டு போகலாம், மாறலாம், ஆள் பிழைப்பதல்லவா முக்கியம் என்றார்.

சங்கரன்கோவில் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அந்தக் காகிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பிறகு விரல் விட்டு எண்ணினேன். க முதல் ப வரை ஒன்பது வரிசை முடிந்திருந்தது. ம முதல் ன வரை ஒன்பது வரிசை மிச்சம். சரியாகப் பாதி. நம் வேலை தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதல் பாதி ஒரு குரலிலும் இரண்டாம் பாதி வேறு குரலிலும் இருந்தால் அதை எந்தப் பாட்டிலும் வைக்க முடியாது. அதுவரை பதிந்தது எல்லாம் குப்பை. அவளுடைய ஐந்து மாத உழைப்பு குப்பை.

வீட்டுக்கு வந்தபோது அவள் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லட்டி. சின்னக் கட்டிதான். கத்திப் பேசுற டீச்சர்மாருக்கு எல்லாம் வாரதுதானாம். கொஞ்ச மாசத்துல தானா அமுங்கிரும்னாரு."

"அப்போ பாடலாமா?"

"பாடலாம்னுதான் சொல்லுதாரு."

அவள் காகிதத்தைக் கேட்கவில்லை. எனக்குக் காப்பி போட்டுக் கொண்டு வந்தாள். சாயங்கால ஜெபத்தில் என் பேரைச் சொல்லி, இப்படி ஓர் அண்ணனைக் கொடுத்ததற்காக ஸ்தோத்திரம் என்றாள். காகிதத்தை மைக் வந்த அட்டைப்பெட்டியில் வைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை கூப்பிட்டார்கள். முதல் முறை, அவள் வெளியூர் போயிருக்கிறாள் என்றேன். இரண்டாம் முறை, வேறு இடத்தில் பார்க்கிறோம் என்றேன். மூன்றாம் முறை எடுக்கவில்லை. அந்த எண்ணைத் தடுத்து வைத்தேன். அதன்பின் அழைப்பு வரவில்லை.

ஜூலையில் ம, ய. ஆகஸ்டில் ர, ல. செப்டம்பரில் வ மட்டும்தான் முடிந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் இடையில் அவளுக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. துரைப்பாண்டி அண்ணாச்சி என்னைக் கடை வாசலில் நிறுத்தினார்.

"பிள்ளைக்குத் தொண்ட கட்டிக்கிட்டே கெடக்கே, நல்ல டாக்டர்ட்ட காட்டுனியா வே?"

"காட்டியாச்சு அண்ணாச்சி" என்றேன். அதில் பொய் இல்லை.

அக்டோபரில் ழ வரிசை. அன்றைக்குப் பள்ளிக்கூட அட்டையை முன்னால் வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னதை என்னால் மறக்க முடியாது. ழ, ழா, ழி, ழீ. நான் நினைத்த மாதிரியே இருந்தது. மேலான ஒரு குரல், ஏதோ தூரத்திலிருந்து வந்து சேர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நிற்கிற மாதிரி. 'ழௌ' முடிந்ததும் அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

நவம்பரில் ள, ற, ன. கடைசி வரிசை கிசுகிசுப்பாகத்தான் விழுந்தது. அதையும் வைத்துக்கொண்டேன். டிசம்பரில் அவளால் எழுத்தே சொல்ல முடியவில்லை. மின்தடை நாள் வந்துவிட்டது, வீணாக்க வேண்டாம் என்று மூச்சை மட்டும் பதிந்தேன். உள்ளே இழுப்பது, விடுவது, பாதியில் நிற்பது. என்னுடைய தொகுப்பில் நீங்கள் எல்லாரும் அதிகம் பயன்படுத்துவது அந்த மூச்சுகளைத்தான். போன ஈஸ்டருக்கு வந்த பாட்டுகளில் நான்கில் அவற்றைக் கேட்டேன்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் அவளுக்கு மூச்சுத் திணறியது. வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர். எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டார். கொஞ்ச நாளாக என்றேன். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, ஜெபிஷாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஜனவரியில் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது அவள் கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு விடுகிறாள். பேச்சு இல்லை. நோய் நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவியிருக்கிறது என்று போன மாதம் சொன்னார்கள். எத்தனை நாள் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள். பிள்ளைகளின் சிலேட்டு ஒன்றில் எழுதிக் காட்டுவாள். நான் அவளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். துளையைச் சுற்றி இரண்டு வேளை துடைத்துவிடுகிறேன்.

துரைப்பாண்டி அண்ணாச்சி பார்க்க வந்தார். அந்தப் பதிவுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. மின்தடைக்காக மாதக்கணக்கில் காத்திருந்ததைச் சொன்னேன்.

"கிறுக்குப் பயலே, எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா ஒரு வாரம் தறிய நிப்பாட்டிருக்க மாட்டனா?" என்றார். கண் கலங்கியிருந்தது.

ஒரு வாரத்தில் ஒன்பது வரிசையும் முடிந்திருக்கும். டாக்டர் கொடுத்த கெடுவும் ஒரு வாரம்தான். உண்மையில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நம் வேலைக்காக ஒருவருடைய தொழிலை நிறுத்தச் சொல்வது முறையில்லை அல்லவா.

இந்த மாத மின்தடை நாள் போன செவ்வாய்க்கிழமை. தறிகள் நின்றிருந்தன. நான் மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வாசலிலேயே அவள் குரல் கேட்டது. ஜெபிஷா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மைக் வந்த அட்டைப்பெட்டி தரையில் கிடந்தது. எதற்காகத் திறந்தாள் என்று தெரியவில்லை. அந்தக் காகிதத்தைக் கீபோர்டின் மேல், பாட்டு நோட்டு வைக்கிற இடத்தில், நேராக நிறுத்தி வைத்திருந்தாள். ஜூன் மாதத் தேதி கொட்டை எழுத்தில் தெரிந்தது.

திரையில் எழுத்துக் கட்டங்களைப் பள்ளி அட்டை மாதிரியேதான் அமைத்திருக்கிறேன். எது எங்கே என்று அவளுக்குத் தேட வேண்டியதில்லை. சிலேட்டு பக்கத்திலேயே இருந்தது, அதை அவள் எடுக்கவில்லை. அ-வைத் தொட்டாள். பிறகு ழி. கட்டையை அழுத்தினாள்.

அழி.

அடுத்த சுருதியில் ஒரு முறை. அதற்கு அடுத்ததில் ஒரு முறை. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அழி. அழி. ஐந்து சுருதியும் முடிந்ததும் மறுபடி கீழிருந்து தொடங்கினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சியின் குரல் கேட்டது. "ஏட்டி ஜெபி! பேச்சு வந்துட்டா? நம்ம கோயில் கோமதியம்மா கண்ணத் தொறந்துட்டா, தாயே!" நான் அவரைத் திருத்தவில்லை.

அவள் கேட்பது எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினேன். நம் குழுவில் அறுபது பேருக்கு இது போய்விட்டது, அவர்கள் இன்னும் பலருக்குக் கொடுத்திருப்பார்கள், நான் மட்டும் அழித்து ஒன்றும் ஆகப் போவதில்லை என்று. இது உண்மை, நீங்களே சாட்சி. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்ததும் மறுபடி கட்டையை அழுத்தினாள். பேட்டரி தீரும் வரை அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஆகவே ரிபாயி பாய், உங்கள் கேள்விக்குப் பதில்: அந்த வெளிநாட்டுக் கோரஸ்தான். அதை நான் வாங்கியிருக்கக் கூடாது. அதற்கு ழ வராது. ஜெபிஷாவின் ழி எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது என்று செவ்வாய்க்கிழமைதான் எனக்கே முழுதாகத் தெரிந்தது. அத்தனை முறை அழுத்தினாள், ஒரு முறைகூடப் பிசகவில்லை.