உமைரா கொடுத்த பால்

முபீனா, வயது 24, க/பெ. அசன் முகைதீன், பி.எஸ்சி. படித்தவள், கும்மிடிப்பூண்டியில் வாடகை வீட்டில் குடியிருப்பவள், 2006ஆம் வருடம் அக்டோபர் மாதம், என் மகன் சிகிச்சையில் இருக்கும் மருத்துவமனையில் சப் இன்ஸ்பெக்டர் ஐயா விசாரித்ததன் பேரில் என் கையால் எழுதிக் கொடுப்பது:

என் கணவர் இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அவர் என் தாய்மாமன் மகன். எங்கள் மகன் அஹ்சனுக்கு ஐந்து மாதம். பிறந்த வாரமே கண் மஞ்சளாகி, குடித்ததெல்லாம் வாந்தி எடுத்ததால் சென்னைக்குக் கொண்டுபோனோம். பாலில் இருக்கும் ஒரு சர்க்கரை அவன் உடம்பில் கரையாமல் நஞ்சாகத் தங்குகிறது, இந்தக் குறை உங்கள் இருவரிடமிருந்தும் சேர்ந்து வந்தது, சொந்தத்தில் கட்டினால் இப்படி நேர வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். எந்தப் பாலும் ஆகாது, சோயா மாவு மட்டுமே என்றார். அதன் பிறகு எனக்குப் பால் வற்றுவதற்காக மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினேன். பூ வாங்கி வந்த என் கணவரிடம் பூக்காரம்மா, "இன்னா பாய், ஊட்டம்மாவுக்கு தினம் பூவா? குடுத்து வெச்சவங்க" என்று கிண்டல் செய்தாராம். குழந்தை அழுதால் கட்டிய பூ நனைந்துவிடும்.

அதன் பிறகு போன வாரம் எனக்குச் சிக்குன்குனியா வந்து, கை மடங்காமல் குழந்தையைத் தூக்க முடியாமல் போனதால், அவனையும் சோயா மாவு டின்னையும் பழவேற்காட்டில் உள்ள மாமியார் வீட்டுக்கு அனுப்பினோம். அங்கே என் நாத்தனார் உமைரா, கைக்குழந்தை சைதாவுடன் இருக்கிறாள். கை கொஞ்சம் தேறி நேற்றுக் காலை நான் போனபோது அவள் மடியில் அஹ்சன் பால் குடித்துக்கொண்டிருந்தான். அவள் முந்தானையைக் கையில் பிடித்திருந்தான். பாட்டிலில் குடிக்கும்போது அவன் எதையும் பிடிப்பதில்லை.

உமைரா மறைக்கவில்லை. "பாட்டில வெச்சா துப்புறான் அண்ணி. அழுதுகினே கீறான். உங்க பாலுதானே சேராதுன்னாங்க, என் பாலு இன்னா பண்ணப்போவுது? ஒரே பாலு குடிச்சிட்டாங்க, இனிமே இவன் சைதாவுக்கு அண்ணன். ரெண்டு பேருக்கும் நிக்காஹ் பேச முடியாது, அவ்ளோதான்" என்று சிரித்தாள். தாயின் பால் சேராத பிள்ளைக்கு வீட்டில் இன்னொருத்தி கொடுப்பது எங்களில் உண்டு. அவனை வாங்கிப் பார்த்தேன். அவன் கண் மஞ்சளாக இருந்தது. அதன் பிறகு வாந்தி எடுத்துத் துவண்டதால் இங்கே சேர்த்தோம்.

அதன் பிறகு என் அண்ணன் பைசல் டின்னைப் பார்த்து, "மாவு அப்படியே கீது. அப்போ இன்னாத்த குடுத்தா?" என்று கோபப்பட்டு, உமைரா குழந்தைக்கு ஏதோ கலந்து கொடுத்துவிட்டதாகப் புகார் எழுதிவிட்டார். அவளுக்கும் எனக்கும் எந்த விரோதமும் கிடையாது. அவள் கொடுத்தது தாய்ப்பால்தான். அவள் மேல் வழக்கு வேண்டாம்.

இப்போது அஹ்சன் கண் திறந்து பார்க்கிறான். உமைரா சீக்கிரம் திரும்பலாம் என்று சைதாவை மாமியாரிடம் விட்டு விசாரணைக்கு ஸ்டேஷனுக்குப் போனவள், காலையிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். சைதாவுக்குப் பாட்டில் பழக்கமில்லை. அழுகை அடங்கட்டும் என்று இங்கே கொண்டுவந்து என்னிடம் தந்தார்கள். என் நெஞ்சில் முகத்தை வைத்துத் தேடினாள். என்னிடம் இல்லை. இதை எழுதும்போதும் தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மாவை அனுப்பிவிடுங்கள்.

நான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதியிருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. திரும்பப் படித்துப் பார்த்து, சரியென்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. முபீனா