நான்கு பூஜ்யங்கள்

கோளிபஜேயைச் சூடு ஆறுவதற்குள் தின்றுவிட வேண்டும், ஆறினால் அது போண்டா இல்லை, ரப்பர்தான். மங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லை, மற்றதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. விசாரிக்க வந்திருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் மஞ்சுநாத ஷெணாய். அரிய ரத்தம் உள்ளவர்களுக்கான சங்கத்தில் பதினாலு வருடமாக லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொண்டவன். பாம்பே வகை ரத்தக்காரர்களுக்கு ஓ வகை ரத்தம்கூட ஆகாது. அதே வகைக்காரர் ஒருவர் வந்து கையை நீட்டினால்தான் உயிர். அவர்கள் யார், எந்த ஊர், எந்த எண் என்ற பட்டியல் முழுவதும் அந்தச் சர்வரில்தான் இருந்தது. என் காலத்தில் ஒரு பெயர் தொலைந்ததில்லை.

போன வருடம் தலைவி டாக்டர் வாரிஜா ஆள்வாவுக்கு ஆசை வந்தது, எல்லாம் போனில் தெரிய வேண்டுமாம். அதற்கு ஜொயெல் ரெபெல்லோவைக் கொண்டுவந்தார். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். எனக்கு ஆலோசகர் என்று ஒரு பட்டமும் மூலையில் ஒரு மேசையும். ஆலோசனையை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் மூன்று மாதம் உட்கார்ந்து நாற்பத்தொரு பக்கத்தில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதிச் சர்வரில் வைத்தேன். எங்கள் தொழிலில் அதுதான் மரியாதை. கேள்வி கேட்குமுன் படிக்க வேண்டும். படிக்காமல் கேட்பவனுக்குப் பதில் சொல்வதில்லை. நானும் அப்படித்தான் கற்றேன். ஜொயெல் முதல் நாளே, பழைய குப்பை என்று அந்தக் குறிப்பை அழித்தான். என் நுழைவுரிமையை நீக்கக்கூட அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை. அழித்ததை நான் பார்த்தேன்.

பிறகு புது டேட்டாபேஸ் நிறுவி, பட்டியல் முழுவதையும் அதற்கு மாற்றினான். ஆவண வகை, ஒவ்வொரு கொடையாளரும் ஒரு தனி ஆவணம். நல்ல சரக்குதான், குறை சொல்ல மாட்டேன். ஏதோ ஒரு இணையப் பக்கத்திலிருந்து கட்டளைகளை வரிவரியாக நகலெடுத்து ஒட்டினான். ஒரு வரியாவது புரிந்ததா என்றால், அந்த முகத்தைப் பார்த்தாலே தெரியும். அது நிறுவியதும் தன் இயந்திரத்துக்குள்ளிருந்து வரும் பேச்சை மட்டுமே கேட்கும். போனிலிருந்து தொட முடியவில்லை. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டவன், அமைப்புக் கோப்பில் முகவரியை அழித்து நான்கு பூஜ்யம் போட்டான். உலகத்தில் யார் கூப்பிட்டாலும் திற என்று அர்த்தம். கடவுச்சொல் கேட்கச் சொல்லும் வரி, செயல்படாதபடி, கீழேயே இருந்தது. அதை அவன் தொடவில்லை.

"ஓடுது ஷெணாயரே, பாத்தீங்களா? இதுக்குப்போயி நாப்பது பக்கமா மாராயா?" என்றான்.

"நல்லா ஓடுது" என்றேன். வேறென்ன சொல்ல?

இணையத்தில் இப்படித் திறந்து கிடக்கும் வீடுகளைத் தேடியே இயந்திரங்கள் அலைகின்றன. தினமும் காலையில் வீட்டிலிருந்து தட்டிப் பார்த்தேன், கதவு திறந்தே இருக்கிறதா என்று. இருந்தது. இரண்டு நாள் தாங்கும் என்று நினைத்தேன். ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள், புதன்கிழமை காலை, பட்டியல் முழுவதும் போய், அதைத் திருப்பித் தரப் பணம் கேட்டு ஒரே ஒரு கடிதம் கிடந்தது.

அன்று பதினொரு மணிக்குப் புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. குலாபி என்ற பெண், முதல் பிரசவம், ரத்தம் நிற்கவில்லை. பாம்பே வகை. மூன்று மணிக்குள் ஒருவர் வேண்டும்.

டாக்டர் என் மேசைக்கே ஓடி வந்தார். "ஷெணாயரே, எல்லாம் போச்சு. உங்ககிட்ட ஏதாவது நகல் இருக்கா?"

"குறிப்புல எழுதியிருக்கேன் டாக்டர். படிச்சுப் பாருங்க."

"படிக்கிற நேரமா இது? வாயைத் தொறந்து சொல்லுங்க மாராயா, ஒரு பொண்ணு சாகக் கெடக்கா."

"மூணு மாசம் எழுதினது படிக்கத்தானே டாக்டர்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மற்ற ரத்த வங்கிகளைக் கூப்பிட ஓடினார். எங்கும் இல்லை. ஜொயெல் சர்வர் முழுவதும் துழாவினான். சட்டை நனைந்திருந்தது. கடைசியில் வந்து என் முன்னால் நின்றான்.

"அந்தக் குறிப்பு எங்கே ஷெணாயரே?"

"நீ வெச்ச எடத்துலதான்."

அழித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழுதான். முப்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை, பார்க்கவே சகிக்கவில்லை. நான் கேண்டீனுக்குப் போய்விட்டேன்.

நீங்கள் கேட்கப்போவதை நானே சொல்கிறேன். நகல் இருந்தது. ஞாயிறுதோறும் எடுப்பேன். என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், அவர்கள் இருவரும் நின்று பேசியபோது என் முழங்காலுக்கு நேரே. அதைத் திறக்கவும் அவசியமில்லை. நம் ஜில்லாவில் பாம்பே வகைக்காரர்கள் நாலே பேர், நாலு எண்ணும் எனக்கு மனப்பாடம். ஒருவர் புத்தூரிலேயே வளையல் கடை வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம்.

குலாபி மூன்றே காலுக்கு இறந்தாள். குழந்தை இருக்கிறது என்றார்கள். எனக்கு அவள்மேல் என்ன கோபம்? அவளை நான் பார்த்ததுகூட இல்லை. நான் ஜொயெலுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அவன் வேலையை விட்டுவிட்டானாம். கணினிப் பக்கமே போகிறதில்லையாம். அதுதான் எனக்கு வருத்தம். இவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்தது வீணாகப் போயிற்று.