துணிச் சுவரில் திறந்த வாசல்

இந்த அடிக்கல் விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் லிங்கசாமி ஐயா அவர்களே! மருத்துவமனைக்கு நிலம் தந்துவிட்டு, முன்வரிசையில் நாற்காலி போட்டும் உட்காராமல் பந்தல்காலைப் பிடித்தபடி நிற்கும் தங்கராஜ் ஐயா அவர்களே! வரைபடம் போட்ட பொறியாளர் தரணீதரன் அவர்களே! வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு காது கொடுக்கும் பெரியோர்களே! ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பாதித் தமிழ் புரிந்தாலும் முழு மனத்தோடு அமர்ந்திருக்கும் ஒடிசா, பீகார் சகோதரர்களே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் ஜனனி. இந்த மருத்துவமனைக் குழுவில் வயதில் கடைசி ஆள். மேடை எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இதே மண்ணில் நான் கண்ட ஒரு காட்சி என்னைப் பேசாமல் இருக்க விடவில்லை.

நம் வேலாமரத்துப்பாளையம் எப்படி வளர்ந்துவிட்டது! சோளம் விளைந்த காட்டில் நிட்டிங் மிஷின் ஓடுகிறது. மாட்டுச்சாளை இருந்த இடத்தில் தையல் மிஷின் பாடுகிறது. நாம் தைத்த பனியன் கடல் தாண்டுகிறது. ஆனால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால்? ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தால்? பனியன் கடல் தாண்டிய ஊரில், திருப்பூர் போகும் தாராபுரம் ரோட்டைத் தாண்ட முடியாமல் உயிர்கள் தவித்தனவே!

அதனால்தான் மருத்துவமனை. அதனால்தான் குழு. அதனால்தான் சண்டை!

சிரிக்கிறீர்கள். நடந்ததைத்தானே சொல்கிறேன்? நிலத்துக்கு மேற்கே மெயின் ரோடு. கிழக்கே தங்கராஜ் ஐயாவின் தென்னந்தோப்பு. தோப்புக்கு அந்தப் பக்கம் காலனியும் தொழிலாளர்களின் லைன் வீடுகளும். வரைபடத்தில் வாசல் மேற்கே மட்டும்தான் இருந்தது. கிழக்கேயும் ஒன்று வேண்டும் என்று குழுவில் சிலர் கேட்டோம். வாசல் வைத்தால் தோப்பு பொதுத் தடமாகிவிடும் என்று ஐயா மறுத்தார். "நெலத்தைக் குடுத்தாச்சுங்க. தோப்பையும் கேட்டா எப்படீங்க?" என்றார்.

ஆனால் ஐயாவுக்கு ஒரு குணம் உண்டு. அவர் பனியன் கம்பெனியில் சாம்பிள் ஓகே ஆகாமல் கத்திரி துணியைத் தொடாது. மருத்துவமனைக்கும் சாம்பிள் காட்டச் சொன்னார். பொறியாளர் திகைத்தார். ஐயா விடவில்லை. கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் வந்து இறங்கின. இந்த வெட்டவெளியில் முளையடித்து, கலர் கலராய்ப் பனியன் துணியைக் கணுக்கால் உயரத்துக்கு இழுத்துக் கட்டி, மருத்துவமனை முழுவதையும் நிஜ அளவில் நிறுத்தினார்கள். வெள்ளைத் துணி சுவர். விட்ட இடைவெளி கதவு. சிவப்புத் துணிக்குள் பிரசவ அறை.

ஊரே பார்க்க வந்தது. அங்கேதான் நான் பிரமித்து நின்றேன்!

வாசல் என்று விட்டிருந்த இடைவெளியில் செருப்பைக் கழற்றினார்கள். யார் சொன்னார்கள்? பிரசவ அறையை நெருங்கியதும் குரலைத் தாழ்த்தினார்கள். யார் கேட்டார்கள்? ஓடிப் பிடித்து விளையாடிய பிள்ளைகள்கூடக் கதவு வழியாகத்தான் ஓடினார்கள். காலைத் தூக்கி வைத்தால் தாண்டிவிடலாம், ஒருவரும் தாண்டவில்லை. ஆண்கள் வார்டில் ஒருவர் ஃபேனுக்கு அடியில் எந்தக் கட்டில் என்று விசாரித்து, அதைத் தனக்கென்று சொல்லியும் வைத்தார். ஆமாங்க, உங்களைத்தான் சொல்கிறேன், துண்டால் முகத்தை மூடாதீங்க!

அப்போது தோப்புத் தடத்தில் அன்புசெல்வி வந்தார். காலனிக்காரர், பவர் டேபிளில் தைக்கிறவர். எட்டு மாதக் கர்ப்பிணி. முந்தைய பிரசவத்தின்போது அவர் ஏறிய ஆட்டோ திருப்பூர் போய்ச் சேருவதற்குள் பிள்ளை பிறந்து, தங்காமல் போயிற்று. அது ஊரறிந்த துயரம்.

கிழக்குத் துணிக்கு முன்னால் வந்து நின்றார். "தாண்டி வா கண்ணு, துணிதானே" என்று இந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்கள்.

"இன்னைக்குத் துணிங்க, தாண்டிருவேன். நாளைக்குச் செவுரு வந்தா எப்படீங்க தாண்டறது?" என்றார்.

கோபமில்லை. குத்தலில்லை. திரும்பி நடந்தார். தெற்கே பாறைக்குழி, வடக்கே கம்பி வேலி. சுவரை ஒட்டிச் சுற்றி வர வழியில்லை. தோப்பைக் கடந்து, காலனியைக் கடந்து, ஊர்த் தெருவைக் கடந்து, மெயின் ரோட்டுக்கு அல்லவா வர வேண்டும்! ஒருவர் பைக்கோடு பின்னால் போனார். வலி வரும்போது பைக்கில் ஏற முடியுமா என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

நாங்கள் காத்திருந்தோம். சுவரில்லாத அந்த மருத்துவமனைக்குள், ஒரு பெண் வந்து சேர வேண்டுமே என்று ஊரே ரோட்டைப் பார்த்து நின்றது. லாரிகளுக்கு ஓரமாக, இடுப்பில் கை வைத்து, நின்று நின்று அவர் வந்தார்.

தங்கராஜ் ஐயாவே நாற்காலியை எடுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்துவிட்டு, "உனக்கு அடுத்த மாசமாச்சே கண்ணு, கட்டடம் அதுக்குள்ள வந்துருமா?" என்றார்.

"எனக்கு வராதுங்க. எனக்குப் பின்னால வர்றவங்களுக்கு வருமில்லீங்க."

சிற்பிகள் வாழும் பூண்டியில் சிலைக்குக் கண் திறப்பதை நான் பார்த்திருக்கிறேன். உளி படுகிற நொடியில் சுற்றி நிற்பவர்கள் மூச்சை அடக்குவார்கள். அதே அமைதியை அன்று இங்கே கேட்டேன். ஐயா கிழக்கே நடந்தார். குனிந்தார். முளையைப் பிடுங்கினார். ஒரு கட்டிலும், கட்டிலைப் பிடிக்கும் ஆட்களும் நுழையும் அகலத்துக்குத் துணியைச் சுருட்டிக்கொண்டே போனார். பிறகு பொறியாளரைப் பார்த்து, "தம்பி, சாம்பிள் ரிஜெக்ட்டுங்க. இங்கொரு வாசல் போட்டு மறுபடியும் காட்டுங்க. தடத்துல நிக்கிற மரத்தை நான் பாத்துக்கறேன்" என்றார்.

கொடுத்த நிலத்தைவிட அந்த வாசல் பெரியது! எழப்போகும் கட்டடத்தைவிட அந்த வாசல் உயரமானது!

அதோ, ஒரு குழந்தை அழுகிறது. அழட்டும், அதட்டாதீர்கள். அது அன்புசெல்வியின் மகள். திருப்பூரில் சுகமாகப் பிறந்து, தன் அம்மா கேட்டு வாங்கிய வாசலுக்கு முதல் செங்கல் இன்று வைப்பதைப் பார்க்க வந்திருக்கிறாள். இந்தக் கூட்டத்தில் என்னைவிட அவளுக்குத்தான் பேச உரிமை அதிகம்.

அன்பானவர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். செங்கல் வைத்ததும், உங்கள் வீடு மேற்கே இருந்தாலும் சரி, இன்று ஒருநாள் கிழக்கு வழியாகப் போங்கள். அந்தத் தடத்தில் எல்லோருடைய காலும் படட்டும். அன்புசெல்வி, மகளோடு நீங்கள் முன்னே நடங்கள். தங்கராஜ் ஐயா, அந்தப் பந்தல்காலை விடுங்கள், அது விழாது. நீங்களும் அவரோடு நடங்கள். உங்கள் பின்னால் ஊர் வருகிறது.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.