வெர்னீஸின் இரண்டாம் சரணம்

எங்கள் வீட்டில் தொலைபேசி அடித்தால் எடுப்பது என் மனைவி கிருபாமலர்தான். டென்மார்க்கின் இந்த ஹேர்னிங் ஊரில் இன்னும் சுவரில் தொலைபேசி மாட்டி வைத்திருப்பது நாங்கள் மட்டும்தான் என்று மகள் ஜெனனி கேலி செய்வாள், அதுவும் டேனிஷில். என்ன செய்வது, சபையின் ஜெபச் சங்கிலிக்குக் கிருபாதான் தலைவி. யாருக்காவது வருத்தம் என்றால் அவளுக்கு அடிப்பார்கள். அவள் பதினைந்து வீடுகளுக்கு அடிப்பாள். அரை மணித்தியாலத்தில் பாதி ஊர் முழங்காலில் நிற்கும். ஆகவே அந்த அழைப்பு முதலில் அவள் கைக்குப் போனதற்கு நான் பொறுப்பல்ல. மற்றதற்கெல்லாம் நான்தான் பொறுப்பு. அதில் ஒளிக்க எதுவும் இல்லை.

என் பெயர் கிறிஸ்துராஜா. திரைச்சீலைத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருட வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நூலகத்தில், கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் பாட்டுக்கான எங்கள் சங்கம் கூடும். கோப்பி, கேக், பிறகு என் பேச்சு. ப்ளூஸ் என்றால் ஒரு கிழவர், ஒரு கிட்டார், ஒரு ரயில், ஒரு ஆறு என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஐம்பதுகளில் அது நகரத்துச் சங்கீதம் ஐயா. சிகாகோவில் மின்கிட்டாரும் மவுத் ஓர்கனும் போட்டி போட்டு அலறின. ஹூஸ்டனில் சக்ஸபோன்காரர்கள் கோட் சூட்டோடு வரிசையாக நின்று ஊதினார்கள். லொஸ் ஏஞ்சலிஸில் பியானோ ரகசியம் பேசியது. இவர்களில் பெயர் தெரிந்தவர்கள் பத்துப் பேர் என்றால், பகலில் லொண்டரியிலும் சலூனிலும் உழைத்து, ஒரேயொரு இசைத்தட்டோடு காணாமல் போனவர்கள் நூற்றுக்கணக்கில். அவர்களுக்காகத்தான் நான் பேசுகிறேன். அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

என் பொக்கிஷம் வெர்னீஸ் ஹாலோவே. டெட்ரோயிட்டில் லொண்டரியில் துணி மடித்த பெண்மணி. 1953இல் ஒரு தட்டு, அவ்வளவுதான். நான் அறிந்தவரை மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி என் அலுமாரியில், கிறிஸ்தவப் பாட்டு அட்டை ஒன்றுக்குள் இருக்கிறது. கிருபாவுக்குக் கர்த்தரைப் பாடாத உலகப் பாட்டு ஆகாது.

கூட்டத்தில் அதைப் போடுவேன். முதல் சரணம் முடிந்து அவர் மூச்சை இழுக்கும் இடத்தில் ஊசியைத் தூக்கிவிடுவேன். மிச்சம் எங்கே என்பார்கள். இன்னொரு நாளைக்கு என்பேன். பதினோரு வருடமாக அந்த இன்னொரு நாள் வரவில்லை. சங்கத் தலைவர் நிக்கலஸ் விபோர்க்கிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருவதே அந்த இடத்துக்காகத்தான். பிறகு, வெர்னீஸ் 1961இல் ஒருவருமில்லாமல் இறந்துபோனார் என்று தணிந்த குரலில் சொல்வேன். சிலர் கண்ணைத் துடைப்பார்கள். அதை எங்கோ வாசித்த ஞாபகம். எங்கே என்று ஞாபகமில்லை.

போன ஒக்டோபரில் கிருபா எடுத்த அழைப்பு வெர்னீஸுடையது. வயது தொண்ணூற்று நான்கு. இருதயம் பலவீனமாகி, முதியோர் இல்லத்தில் இருந்தார். தான் இறந்துவிட்ட செய்தியைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் தாதி ஒருத்தி வாசித்துக் காட்டினாளாம். அதன் கீழே என் இலக்கம் இருந்தது. மனுசி கோபிக்கவில்லை. தன்னிடம் இருந்த தட்டை எப்போதோ இரவல் கொடுத்தாராம், அது திரும்பி வரவேயில்லை. கண்ணை மூடுவதற்கு முன் தன் பாட்டைத் தொலைபேசியில் ஒருதரம் போட்டுக் காட்ட முடியுமா என்றுதான் கேட்டார்.

"பாவம் அந்த மனுசி," என்றாள் கிருபா. "மூண்டு நிமிசம்தானேயப்பா, போட்டு விடுங்கோவன்."

"உலகப் பாட்டெல்லோ?"

"அதை நான் கர்த்தரோட கதைக்கிறன். நீங்கள் பாட்டைப் போடுங்கோ."

"ஓம், நாளைக்குப் போடுறன்," என்றேன்.

யோசித்துப் பாருங்கள். தொலைபேசியில் அந்தப் பியானோ தகரம் மாதிரிக் கேட்கும். அது கலைஞருக்குச் செய்யும் அவமரியாதை. அதோடு அந்தத் தாதி சும்மா இருப்பாளா? பதிவு செய்து இணையத்தில் போடுவாள். விடிவதற்குள் இரண்டாம் சரணம் ஊர் உலகமெல்லாம் போய்விடும். பிறகு நூலகத்தில் நான் ஊசியைத் தூக்கினால் யார் கேட்கப்போகிறார்கள், மிச்சம் எங்கே என்று? தட்டு சுழற்றும் பெட்டி பழுது என்று கிருபாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் விஷயத்தை ஜெபச் சங்கிலியில் போட்டுவிட்டாள். டெட்ரோயிட்டில் ஒரு சகோதரி தன் பாட்டைக் கேட்க வேண்டும் என்று பதினைந்து வீடுகள் மன்றாடின. எங்கள் வரவேற்பறையில் போதகர் சுபாங்கன் கண்ணீரோடு ஜெபித்தார். அலுமாரி அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. நானும் சத்தமாக ஆமென் சொன்னேன். எதையும் அரைமனதோடு செய்வது என் பழக்கமில்லை.

மூன்றாவது அழைப்பை நானே எடுத்தேன். வெர்னீஸின் குரல் மெலிந்திருந்தது. பாட்டுப் போட முடியாவிட்டால் பரவாயில்லை என்றார். முதல் சரணம் நெஞ்சில் இருக்கிறது, இரண்டாவதுதான் போய்விட்டது, அந்த வரிகளை வாயால் சொன்னால் போதும் என்றார். கிருபா பக்கத்திலேயே நின்றாள். எந்தப் பெட்டியையும் பழுது என்று சொல்ல வழியில்லை.

ஆகவே சொன்னேன். அந்த இடத்திலேயே கட்டியது: ஒரு ரயில், ஒரு ஆறு, கரையில் அழும் ஒரு பெண்.

வெர்னீஸ் அதை ஒருதரம் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "நான் ரயிலில் ஏறியதே இல்லையே, எப்போதும் பஸ்தான்," என்றார். பிறகு மெல்லச் சிரித்தார். "அந்த வயதில் என்னென்ன பாடினேனோ." தாதியிடம் சொல்லி எழுதவைத்தார். எனக்கு இரண்டு தரம் நன்றி சொன்னார்.

ஒன்பது நாளில் இறந்துவிட்டார். கடைசி வாரம் முழுக்க இரண்டு சரணத்தையும் பாடிக்கொண்டே இருந்தாராம். அவருடைய மருமகள் ஒருத்தி மின்னஞ்சல் எழுதியிருந்தாள். அடக்க ஆராதனையில் இரண்டாம் சரணத்தை அச்சடித்துக் கொடுத்து எல்லோரும் சேர்ந்து பாடினார்களாம். ஞாயிறு ஆராதனையில் கிருபா எழுந்து, ஜெபம் கேட்கப்பட்டது என்று சாட்சி சொன்னாள். சபை கைதட்டியது. நானும் தட்டினேன்.

உண்மையான சரணத்தில் ரயிலும் இல்லை, ஆறும் இல்லை. யாரும் அழவும் இல்லை. எட்டு வரி, முழுக்கக் குறும்பு. உங்களுக்கும் சொல்வதாக இல்லை. கிருபா ஜெபக்கூட்டத்துக்குப் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போட்டுக் கேட்பேன். ஒவ்வொரு தரமும் சிரிப்பு வரும், பிறகு கண் கலங்கும். பாவம், அவரை உள்ளபடி நினைவில் வைத்திருக்க இந்த உலகத்தில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?